பாரோ கற்கத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பிள்ளைகளுக்காக

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், பள்ளியும் பெரும்பாலும் விடுமுறையில் இருக்கும். அந்த நாட்களில் என் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லித் தருகிறேன். ஊர் மாறினாலும் வயது மாறினாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அதனால் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று: கட்டளைகளை வாய்விட்டுப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

அக்கா, பாரோன்னா என்ன? அது ஒரு மொழியா, சாஃப்ட்வேரா?

இரண்டும்தான். அதன் மொழி ஸ்மால்டாக் வழியில் வந்தது. 1970களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பர்க் முதலானவர்கள் ஸ்மால்டாக்கை உருவாக்கினார்கள். 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' என்ற பெயரை வைத்தவரே ஆலன் கே. பிள்ளைகள் கணினியை எப்படிப் பழகுவார்கள் என்ற கேள்வி அந்தக் குழுவுக்குத் தொடக்கத்திலிருந்தே முக்கியமாக இருந்தது. நான் இதைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். 1996-இல் அதே வழியில் ஸ்குவீக் வந்தது. 2008-இல் ஸ்குவீக்கிலிருந்து பாரோ பிரிந்தது. காசு கிடையாது. உள்ளே இருக்கும் நிரல் முழுவதும் திறந்தே இருக்கிறது.

சாஃப்ட்வேர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மற்ற மொழிகளில் நிரலை ஒரு கோப்பில் எழுதுவோம், பிறகு ஓட்டுவோம், ஓடி முடிந்ததும் எல்லாம் மறைந்துவிடும். பாரோவில் அப்படி இல்லை. திறந்ததுமே உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கும். எழுதுவதும் ஓட்டுவதும் திருத்துவதும் அதே இடத்தில் நடக்கும். படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜினைத் திறந்து பார்ப்பது போல என்று ஒரு தம்பி சொன்னான். சரியான ஒப்பீடு.

ஆப்ஜெக்ட்னா என்ன? எக்ஸாமுக்கு எழுதுற டெஃபினிஷன் வேண்டாம்.

நானும் கல்லூரியில் அந்த வரியை மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினேன். ஆய்வகத்தில் கரும்பலகையில் இருந்த நிரலை அப்படியே பார்த்துத் தட்டச் சொல்வார்கள். வந்த விடையை ரெக்கார்ட் நோட்டில் எழுதினால் வேலை முடிந்தது. ஒரு ஆப்ஜெக்ட்டைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

துறைமுகத்தில் நிற்கும் ஒரு விசைப்படகைப் பாருங்கள். அதன் மேல் ஐஎன்டி டிஎன் 10 எம்எம் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பக்கத்தில் அதே அளவில், அதே சாயத்தில் இன்னொரு படகு நின்றாலும் அது வேறு படகு. அதன் டீசல் வேறு, அதன் பாடு (பிடித்து வந்த மீன்) வேறு. ஒவ்வொரு படகும் தன் கணக்கைத் தானே வைத்திருக்கிறது. உங்களுக்கு விவரம் வேண்டுமென்றால் கரையிலிருந்து கேட்கிறீர்கள்: "எத்தனை கூடை?" பதில் வருகிறது. ஐஸ் பெட்டியை நீங்களாகப் போய்த் திறப்பதில்லை.

ஆப்ஜெக்ட் என்பது அதுதான். தன் விவரத்தைத் தன்னிடமே வைத்திருக்கும், கேட்டால் பதில் சொல்லும். அந்தக் கேட்பதற்குப் பெயர் மெசேஜ். கேள்வி வந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தெரிந்திருக்கும் வழிக்குப் பெயர் மெத்தட். ஒரே மாதிரிப் படகுகளுக்கெல்லாம் பொதுவான விவரிப்புக்குப் பெயர் கிளாஸ். கிளாஸ் கடலுக்குப் போகாது, அதிலிருந்து உண்டான ஆப்ஜெக்ட்தான் போகும்.

எல்லாரும் ஜாவா, பைதான்னு படிக்கிறாங்க. நாங்க மட்டும் ஏன் இது?

அதையும் படிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் ஜாவாவில் முதல் வரியை அச்சிட்டுப் பார்க்கவே பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்டு என்று விளக்க முடியாத சொற்களைத் தாண்ட வேண்டியிருந்தது. "இப்போதைக்கு அப்படியே எழுது, பிறகு புரியும்" என்று ஆசிரியர் சொல்வார். அந்தப் 'பிறகு' பலருக்கு வருவதே இல்லை. பாரோவில் ஒதுக்கப்பட்ட சொற்கள் மிகச் சிலதான்: ட்ரூ, ஃபால்ஸ், நில், செல்ஃப், சூப்பர், திஸ்கான்டெக்ஸ்ட். கடைசிச் சொல்லை நீங்கள் வெகுநாள் தொடவே மாட்டீர்கள்.

கல்லூரிப் பாடத்தில் ஜாவாதான் கட்டாயம் என்றால் புளூஜே என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பவர்களுக்காகவே 1999-இல் வெளிவந்தது. அதில் கிளாஸ் பெட்டியை வலது சொடுக்கு செய்து ஆப்ஜெக்ட்டை உண்டாக்கினால் அது கீழே சிவப்புப் பெட்டியாக வந்து உட்காரும். அதைச் சொடுக்கி ஒவ்வொரு மெத்தடாகக் கூப்பிட்டுப் பார்க்கலாம். பாரோவுக்கு அடுத்தபடியாக நான் மனதாரச் சொல்வது அதைத்தான்.

ஃபோனில் படிக்க முடியுமா? பழைய லேப்டாப் போதுமா?

பழைய லேப்டாப் போதும். அரசு கொடுத்த லேப்டாப் அக்காவுடையதோ அண்ணனுடையதோ வீட்டில் மூலையில் கிடந்தால் எடுத்துத் துடைத்துக் கொண்டு வாருங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் பாரோ ஓடும். பதிவிறக்கி, சுருக்கத்தை விரித்து, திறந்தால் முடிந்தது. அதற்குப் பிறகு இணையம் வேண்டாம். டவர் கிடைக்காத தெருவில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. மிகப் பழைய இயந்திரமாக இருந்து புதிய பாரோ ஓடவில்லை என்றால் ஸ்குவீக்கை முயலுங்கள்.

ஃபோனில் வேண்டாம். விசைப்பலகை இல்லாமல் இந்தப் பழக்கம் கைக்கு வராது.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதே?

முதல் மாதத்துக்கு இருபது முப்பது சொற்கள் போதும். அவையும் திரும்பத் திரும்ப வருபவைதான். உங்கள் கிளாஸுக்கும் மெத்தடுக்கும் பெயர் வைப்பது உங்கள் உரிமை. படகு, கூடை, பங்கு, பாடு என்று தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். கிளாஸ் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கட்டும். தன் வீட்டுச் சொல்லில் பெயர் வைத்த பிள்ளைக்கு அந்த நிரல் மறப்பதில்லை. இதை நான் பல முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திறந்துட்டேன். இப்ப என்ன செய்யணும்?

மெனுவில் பிளேகிரவுண்ட் என்று இருக்கும். அதுதான் உங்கள் மணல்வெளி, என்ன எழுதினாலும் எதுவும் கெடாது. அதில் 3 + 4 என்று எழுதி, வரியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்துங்கள். பக்கத்திலேயே 7 என்று வரும். அடுத்து 'புரோஃப்ஸ்டெஃப் கோ' என்ற வரியை எழுதி கண்ட்ரோல் டி அழுத்தினால் பாரோவுக்குள்ளேயே இருக்கும் பாடம் திறந்து, ஒவ்வொரு படியாகக் கூட்டிப்போகும்.

பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு வத்தையில் (சிறு படகு) நண்டு வலைக்குப் போய் வந்தார்கள். மூன்று கூடை: 7 கிலோ, 5 கிலோ, 8 கிலோ. கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆக 10,000. டீசலும் ஐஸும் 3,000. மீதி 7,000. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. 7000 / 6 என்று எழுதி கண்ட்ரோல் பி அழுத்துங்கள்.

3500/3 என்று பதில் வரும். முதலில் பார்க்கும் பிள்ளைகள் தப்பு என்பார்கள். தப்பில்லை, அதுதான் துல்லியமான விடை. ஜாவாவில் இதே முழு எண்களை வகுத்தால் 1166 என்று வரும். அதை ஆறால் பெருக்கினால் 6,996. நாலு ரூபாய் எங்கே போனது என்று ஜாவா சொல்லாது. பாரோவில் பின்னம்கூட ஒரு ஆப்ஜெக்ட், தன்னிடம் இருப்பதைத் தொலைக்காமல் வைத்திருக்கும். தசமத்தில் வேண்டுமென்றால் அதனிடமே 'ஆஸ்ஃப்ளோட்' என்று கேளுங்கள், 1166.67-க்கு அருகில் ஒரு எண்ணைக் கொடுக்கும்.

இப்போது அந்த 7000 / 6 மேல் கண்ட்ரோல் ஐ அழுத்துங்கள். இன்ஸ்பெக்டர் என்ற சன்னல் திறக்கும். உள்ளே நியூமரேட்டர் 3500, டினாமினேட்டர் 3 என்று இரண்டு வரி இருக்கும். ஆப்ஜெக்ட் தன் விவரத்தைத் தன்னிடமே வைத்திருக்கும் என்று மேலே சொன்னேனே, அதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது. என் வகுப்பில் இந்தச் சன்னல் திறக்கும் வரை அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.

2 + 3 * 4-க்கு 20 வருது. கணக்கே தெரியாத மொழியா இது?

பள்ளியில் பெருக்கலை முதலில் செய்யச் சொல்வார்கள், அதனால் 14 எதிர்பார்க்கிறீர்கள். பாரோவில் கூட்டலும் பெருக்கலும் மெசேஜ்தான், இரண்டும் ஒரே தரம். இடமிருந்து வலமாகப் போகும். 2-இடம் "3-ஐக் கூட்டு" என்கிறீர்கள், 5 வருகிறது. அதனிடம் "4-ஆல் பெருக்கு" என்கிறீர்கள், 20. பெருக்கல் முதலில் வேண்டுமென்றால் அடைப்புக்குறி போடுங்கள். மூன்று நாள் இடிக்கும், பிறகு பழகிவிடும்.

சொந்தமா ஒரு கிளாஸ் எழுதுறது எப்படி?

சிஸ்டம் பிரவுசரைத் திறங்கள். இது இணைய பிரவுசர் இல்லை, பாரோவின் கிளாஸ்களைப் பார்க்கவும் எழுதவும் உள்ள சன்னல். உள்ளே ஆயிரக்கணக்கில் கிளாஸ்கள் இருக்கும். பார்த்ததும் தலை சுற்றும். பரவாயில்லை, கடல் முழுவதையும் தெரிந்துகொண்டா வலை போடுகிறார்கள்? உங்களுக்கென்று ஒரு பேக்கேஜ் (கிளாஸ்களைச் சேர்த்து வைக்கும் இடம்) உண்டாக்கிக்கொள்ளுங்கள். கிளாஸ் எழுத ஒரு மாதிரி வரி கீழே தானாக வரும். அதில் பெயரை 'வத்தை' என்று மாற்றி, அது வைத்திருக்க வேண்டிய விவரங்களாக 'கூடைகள்', 'செலவு', 'ஆட்கள்' என்று மூன்றைக் கொடுத்து, கண்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். கிளாஸ் பிறந்துவிட்டது.

அடுத்து 'இனிஷியலைஸ்' என்ற மெத்தடை எழுத வேண்டும். புதிய வத்தை உண்டாகும்போதே ஓடுவது இதுதான். அதில் 'கூடைகள்' என்பதற்கு ஒரு காலி ஆர்டர்ட்கலெக்ஷன் (வரிசையாகச் சேர்த்து வைக்கும் பட்டியல்) வைக்கிறோம். கடலுக்குப் போகும்முன் கூடையை ஏற்றி வைப்பதற்குச் சமம். பிறகு எடை சேர்க்க ஒரு மெத்தட், மொத்த எடை சொல்ல ஒரு மெத்தட், பங்கு சொல்ல ஒரு மெத்தட். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது. போனால் நீங்கள் ஒரே மெத்தடிடம் இரண்டு வேலை வாங்குகிறீர்கள்.

பிளேகிரவுண்டுக்குத் திரும்பி ஒரு வத்தையை உண்டாக்கி, 7, 5, 8 என்று எடையைச் சேர்த்து, மொத்தம் கேளுங்கள். 20 என்று பதில் வரும். இன்னொரு வத்தையை உண்டாக்கி வேறு எடை கொடுங்கள். முதல் வத்தையின் 20 அப்படியே இருக்கும். இரண்டு வத்தையின் இன்ஸ்பெக்டரையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். எத்தனை பக்கம் படித்தாலும் வராத தெளிவு அந்த ஒரு நிமிடத்தில் வரும்.

சட்டுன்னு ஒரு எரர் சன்னல் வந்து பயமுறுத்துது. மூடிட்டு மறுபடி தொடங்கட்டுமா?

மூடாதீர்கள்! இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

அந்தச் சன்னலுக்குப் பெயர் டிபக்கர். நிரல் செத்துவிடவில்லை, தடுக்கி நின்ற இடத்திலேயே உங்களுக்காகக் காத்திருக்கிறது. யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்தோம் என்ற வரிசை மேலே இருக்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் என்ன வைத்திருந்தது என்று அங்கேயே பார்க்கலாம்.

போன தடைக்காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி எடையைச் சேர்க்கப் போனாள். 'ஆட்' என்ற மெசேஜ் போன இடம் நில் என்று சன்னல் வந்தது. நில் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். "அக்கா, நான் எதையோ உடைச்சுட்டேன்" என்றாள். வரிசையில் இரண்டாவது வரியைச் சொடுக்கச் சொன்னேன். அவள் எழுதிய மெத்தட் திரையில் வந்தது. கீழே கூடைகள் என்பதற்கு எதிரே நில் என்று இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கூடையே ஏத்தலை" என்றாள். ஆமாம், இனிஷியலைஸ் எழுதவில்லை. நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை, சன்னல்தான் சொன்னது. பிரவுசருக்குப் போய் அதை எழுதிவிட்டு, புதிய வத்தையை உண்டாக்கினாள். எடை சேர்ந்தது.

நீங்கள் அடிக்கடி பார்க்கப் போவது இன்னொரு வகை: 'டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்'. ஒரு ஆப்ஜெக்ட்டிடம் அதற்குத் தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பெயரில் எழுத்துப்பிழையா என்று முதலில் பாருங்கள். பிழை இல்லை, மெத்தடைத்தான் இன்னும் எழுதவில்லை என்றால், அந்தச் சன்னலிலேயே 'கிரியேட்' என்ற பொத்தான் இருக்கும். அழுத்தி, அங்கேயே மெத்தடை எழுதி, 'புரொசீட்' கொடுங்கள். நின்ற இடத்திலிருந்து நிரல் தொடரும். பழகிய பிறகு பலர் வேண்டுமென்றே இப்படித்தான் எழுதுகிறார்கள்: முதலில் கேட்பது, தெரியாது என்று அது சொன்னதும் கற்றுக்கொடுப்பது.

எழுதுறேன், ஆனா ஒண்ணுமே நடக்கலை. எரரும் வரலை.

சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் போட்டிருப்பீர்கள். பாரோவில் அது வெறும் குறிப்பு, கணினி படிக்காது. ஒற்றை மேற்கோள் போடுங்கள். அப்போதும் இல்லையென்றால் இரண்டு வரிகளுக்கு நடுவே புள்ளி வைத்தீர்களா என்று பாருங்கள்.

திரை அப்படியே உறைஞ்சு நிக்குது.

முடிவில்லாத சுற்றில் மாட்டியிருக்கும். ஆல்ட்டும் புள்ளியும் சேர்த்து அழுத்துங்கள்.

கரண்ட் போயிட்டா எல்லாம் போயிடுமா?

வாடைக்காற்றுக் காலத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பாரோ தன் உலகம் முழுவதையும் இமேஜ் என்ற ஒரு கோப்பில் வைத்திருக்கிறது. சேமித்து மூடினால், நாளைக்குத் திறக்கும்போது சன்னல்கள்கூட வைத்த இடத்திலேயே இருக்கும், பாதி எழுதிய வரியோடு. சேமிக்கும் முன் மின்சாரம் போனாலும் நீங்கள் பிரவுசரில் ஏற்றிய ஒவ்வொரு மெத்தடும் உடனுக்குடன் வட்டில் தனியாகப் பதிவாகியிருக்கும். அடுத்த முறை திறந்து அதிலிருந்து மீட்கலாம். பிளேகிரவுண்டில் எழுதியதற்கும் உண்டாக்கிய ஆப்ஜெக்ட்களுக்கும் அந்த உறுதி இல்லை. ஆகவே முக்கியமானதைப் பிளேகிரவுண்டில் விட்டுவைக்காமல் மெத்தடாக்கிவிடுங்கள். வாரம் ஒருமுறை இமேஜ் கோப்பைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். கூடவே சேஞ்சஸ் என்ற கோப்பும் இருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்ஹெரிட்டன்ஸ் எப்ப வரும்? அதுதானே முக்கியம்னு சொல்றாங்க?

அவசரப்படாதீர்கள். முக்கியமானது மெசேஜ். வத்தையிடமும் 'பங்கு' என்று கேட்கலாம், விசைப்படகிடமும் 'பங்கு' என்று கேட்கலாம். வத்தை ஆறு பங்காகப் பிரிக்கும். விசைப்படகில் சம்மாட்டிக்கு (படகு உரிமையாளர்) இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று வேறு கணக்கு இருக்கலாம். கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டியதில்லை. இதைப் பாலிமார்ஃபிசம் என்பார்கள். இது கைக்கு வந்த பிறகு, இரண்டு கிளாஸிலும் ஒரே வரிகளைத் திரும்ப எழுதுகிறோமே என்று உங்களுக்கே எரிச்சல் வரும். கூடை சேர்ப்பதும் எடை கூட்டுவதும் இரண்டுக்கும் ஒன்றுதானே. அப்போது 'படகு' என்று ஒரு பொதுக் கிளாஸ் எழுதி, அந்த வரிகளை மேலே தூக்கி வையுங்கள். வத்தையும் விசைப்படகும் அவற்றை அதிலிருந்து பெற்றுக்கொள்ளும். அதுதான் இன்ஹெரிட்டன்ஸ். அந்த எரிச்சல் வரும் முன்பே இன்ஹெரிட்டன்ஸ் சொல்லிக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

எத்தனை நாள் ஆகும்?

தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு தடைக்காலம் போதும். கடைசி இருபது நாள் உங்கள் சொந்த நிரலுக்கு ஒதுக்குங்கள். பாசி எடுக்கும் அம்மாவின் கணக்கோ, மீன் கடைப் பாக்கியோ, கிரிக்கெட் ஸ்கோரோ, எது உங்களை இழுக்கிறதோ அது. பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும் வங்கிக் கணக்கு உதாரணத்தை மட்டும் செய்யாதீர்கள். வங்கியில் வட்டி எப்படிப் போடுகிறார்கள் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, பங்கு எப்படிப் பிரிக்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும்.

இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?

நேராகச் சொல்கிறேன். பாரோ தெரியும் என்று மட்டும் சொல்லி இங்கே வேலை வாங்குவது கடினம். ஜாவா, பைதான் என்று கேட்கும் இடங்கள்தான் அதிகம். ஆனால் அங்கே நீங்கள் சந்திக்கப்போகும் பல விஷயங்கள் ஸ்மால்டாக்கில் பிறந்தவை. இணையதளம் கட்டுபவர்கள் தினமும் சொல்லும் மாடல்-வியூ-கண்ட்ரோலர் பிரிவை (விவரம், திரைத் தோற்றம், கட்டுப்பாடு மூன்றையும் தனித்தனியாக வைப்பது) 1979-இல் பார்க் ஆய்வுக்கூடத்தில் ட்ரிக்வே ரீன்ஸ்காக் வகுத்தார். ஜாவாக்காரர்கள் சோதனைக்கு வைத்திருக்கும் ஜேயூனிட், கென்ட் பெக் ஸ்மால்டாக்குக்கு எழுதிய எஸ்யூனிட்டின் வழி வந்தது. ரூபி மொழியில் ஸ்மால்டாக்கின் சாயல் நன்றாகவே தெரியும். இங்கே இரண்டு மாதம் பழகிவிட்டு ஜாவாவுக்குப் போன பிள்ளைகள் அங்கே தடுமாறியது எழுத்து முறையில்தான். யோசிக்கும் முறையில் தடுமாறவில்லை.

பிள்ளை கம்ப்யூட்டர்லயே உட்கார்ந்திருக்கு. படிக்குதா, விளையாடுதான்னு எப்படித் தெரியும்? (பெற்றோர் கேட்பது)

பக்கத்தில் போய் உட்கார்ந்து, உங்கள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். கணினி தெரிய வேண்டியதில்லை. கூடையில் எடை பார்த்து நண்டு விற்கும் ஒரு தாயார், மகளைக் கூட்டிப்போக வந்தவர், திரையில் 7, 5, 8 என்று இருந்ததைப் பார்த்து நின்றார். மகள் பங்கைக் காட்டினாள். அவர் கேட்டார்: "ஐஸ் கடனுக்கு வாங்குன அன்னைக்கு? அந்தக் காசு அன்னைக்கே கழியாதுல்ல, மறுநாப் பாட்டுலதான கழியும்."

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பிரவுசரைத் திறந்து, வத்தை கிளாஸில் 'கடன்' என்று நாலாவது விவரத்தைச் சேர்த்தாள். தாயார் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.